எலுமிச்சை, கரண்டி, ஏழு பிள்ளைகள்: சேர்ந்து ஆடும் விளையாட்டை எப்படி உருவாக்குவது?

போன பொங்கல் விடுமுறையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஏழு பிள்ளைகள் கூடியிருந்தார்கள். மூத்தவளுக்கு 14 வயது, கடைக்குட்டிக்கு 5. ஆளுக்கொரு கரண்டி, ஒவ்வொரு கரண்டியிலும் ஓர் எலுமிச்சம்பழம். பள்ளி விளையாட்டு விழாவில் நாமெல்லாம் ஆடிய அதே லெமன் ஸ்பூன்தான். ஆனால் ஓட்டப்பந்தயம் கிடையாது. நான் சொன்ன விதி இதுதான்: உன் பழம் கீழே விழக்கூடாது, அடுத்தவர் பழத்தை நீ விழவைக்கலாம். கடைசிவரை பழத்தோடு நிற்பவர் ஜெயித்தவர்.

"ஆரம்பிங்க" என்றேன். ஏழு பேரும் ஆளுக்கொரு பக்கம் போய்ச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு நிமிடம் போனது, இரண்டு நிமிடம் போனது. ஒருவரும் அசையவில்லை. அசைந்தால் தன் பழம் விழும், நின்றால் ஒரு கேடும் இல்லை. பிள்ளைகள் சரியாகத்தான் ஆடினார்கள். நான் கொடுத்த விதிக்கு அதுதான் புத்திசாலித்தனமான ஆட்டம். நோட்டில் எழுதியபோது விறுவிறுப்பாகத் தெரிந்த விளையாட்டு, மாடியில் ஏழு சிலைகளாக நின்றது.

பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டை எப்படி வடிவமைப்பது என்று யாராவது கேட்டால், நான் அந்த இரண்டு நிமிடத்திலிருந்துதான் பேச்சைத் தொடங்குவேன். கணினி விளையாட்டோ, அட்டை விளையாட்டோ, தெரு விளையாட்டோ, அடிப்படை ஒன்றுதான். நாம் எழுதுவது விதியை. விளையாட்டு நடப்பது ஆட்களுக்கு இடையில்.

இதைக் கொஞ்சம் முறையாகச் சொன்னவர்கள் ராபின் ஹூனிக்கி, மார்க் லெப்ளாங்க், ராபர்ட் ஸூபெக் ஆகிய மூன்று விளையாட்டு வடிவமைப்பாளர்கள். 2004இல் வெளியான அவர்களுடைய கட்டுரை ஒரு விளையாட்டை மூன்று அடுக்காகப் பிரித்துப் பார்க்கிறது. முதல் அடுக்கு விதிகளும் பொருள்களும்: கரண்டி, பழம், விழுந்தால் அவுட். அந்த விதிகளோடு மனிதர்கள் சேரும்போது பிறக்கும் நடத்தை இரண்டாவது அடுக்கு: ஒதுங்கி நிற்பது, பாய்வது, கூட்டணி சேர்வது, ஏமாற்றுவது. அந்த நடத்தையிலிருந்து வரும் உணர்வு மூன்றாவது: பதற்றம், சிரிப்பு, சலிப்பு, கோபம். வடிவமைப்பவர் கையில் இருப்பது முதல் அடுக்கு மட்டுமே. ஆடுபவருக்கோ முதலில் தட்டுப்படுவது மூன்றாவது அடுக்கு. நடுவில் இருப்பது யார் கையிலும் இல்லை. சிரிப்பு வேண்டும் என்று விதி எழுத முடியாது. சிரிப்பு வருகிற மாதிரி ஆட்கள் நடந்துகொள்ளத் தூண்டும் விதியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒருவர் மட்டும் ஆடும் புதிர் என்றால், அனுபவம் உள்ளவர் மேசையில் உட்கார்ந்தபடியே ஓரளவு கணித்துவிடலாம். நாலு பேர் ஆடும் ஆட்டத்தில் அது பலிக்காது. ஒருவர் செய்வதைப் பார்த்து அடுத்தவர் மாறுவார், அவரைப் பார்த்து மூன்றாமவர் மாறுவார். அதனால்தான் இந்தத் துறையில் ஆடிப் பார்ப்பதற்கு அவ்வளவு மதிப்பு. மனதில் தோன்றியதைக் கையில் கிடைக்கும் பொருளை வைத்து ஒரு மாதிரியாகச் செய்து, உடனே ஆடி, பார்த்து, மாற்றி, மறுபடி ஆடுவது. இதைத்தான் இங்கே சோதனை என்கிறேன். ஆய்வுக்கூடம் எதுவும் வேண்டாம்.

மாடிக்கு வருவோம். இரண்டாவது முயற்சியில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டேன், வட்டத்தைத் தாண்டினால் அவுட். இப்போது சுவரோரம் ஒதுங்க முடியாது. ஆட்டம் உடனே உயிர்பெற்றது, ஆனால் அரை நிமிடத்தில் முடிந்தும் போனது. கை நீளமான பெரியவள் வரிசையாக எல்லோரையும் தட்டிவிட்டாள். முதலில் போனது கடைக்குட்டி. அவன் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு படிக்கட்டில் போய் உட்கார்ந்துவிட்டான். மூன்றாவது முயற்சியில் செல்போனில் பாட்டுப் போட்டேன். மெதுவான பாட்டு ஓடும்போது எல்லோரும் அடிமேல் அடிவைத்துத்தான் நடக்க வேண்டும், வேகப் பாட்டு வந்தால் பாயலாம். பாட்டு எப்போது மாறும் என்று யாருக்கும் தெரியாது. முதன்முறையாகச் சிரிப்புச் சத்தம் கேட்டது. மெதுவான பாட்டில் இருவர் மூக்கும் மூக்கும் முட்டுகிற தூரத்தில், ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்தபடி, பாட்டு மாறுவதற்காகக் காத்து நின்றார்கள். அந்தக் காத்திருப்பைப் பற்றி நான் எந்த விதியும் எழுதவில்லை. ஆட்டத்தின் உயிர் அங்கேதான் இருந்தது.

பாட்டு யோசனை என்னுடையது அல்ல. டக்ளஸ் வில்சன் என்ற வடிவமைப்பாளர், கோபன்ஹேகனைச் சேர்ந்த டீ குட்டே ஃபாப்ரிக் என்ற சிறு குழுவோடு செய்த 'யோஹான் செபாஸ்டியன் ஜவுஸ்ட்' என்ற விளையாட்டிலிருந்து எடுத்துக்கொண்டது. அது வீடியோ கேம்தான், ஆனால் ஆடுபவர்கள் திரையைப் பார்ப்பதே இல்லை. ஒவ்வொருவர் கையிலும் நுனியில் ஒளிரும் பந்து பொருத்திய, அசைவை உணரும் பிளேஸ்டேஷன் கன்ட்ரோலர் இருக்கும். அது வெடுக்கென்று அசைந்தால் விளக்கு அணையும், நீங்கள் அவுட். பின்னணியில் ஜெர்மன் இசைமேதை யோஹான் செபாஸ்டியன் பாக் இசையமைத்த 'பிராண்டன்பர்க் கான்செர்ட்டோக்கள்' என்ற இசைக்கோவைகள் ஓடும். இசை மெதுவாக ஓடும்போது சின்ன அதிர்ச்சியைக்கூடக் கருவி பொறுக்காது. வேகம் கூடும்போது கொஞ்சம் தாராளமாக விடும், அப்போது எதிரிமேல் பாயலாம். ஒரே நேரத்தில் ஏழு பேர்வரை ஆடலாம். 2014இல் 'ஸ்போர்ட்ஸ்ஃப்ரெண்ட்ஸ்' என்ற தொகுப்பில் வேறு மூன்று விளையாட்டுகளோடு இது வெளிவந்தது.

இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது, அது சொல்லாமல் விட்ட விஷயங்கள். எதிரியின் கையைப் பிடிக்கலாமா? கன்ட்ரோலரை முதுகுக்குப் பின்னால் மறைக்கலாமா? செருப்பை எடுத்து வீசலாமா? கருவிக்குத் தெரிந்தது அசைவு மட்டுமே, மற்றதை அது கவனிப்பதில்லை. ஆகவே எது நியாயம், எது அநியாயம் என்று ஆடுகிறவர்கள்தான் பேசி முடிவுசெய்ய வேண்டும். நம் தெருக் கிரிக்கெட்டில் நடப்பதும் இதுதானே. சந்து குறுகலா? ஒரு பிட்ச் கேட்ச் அவுட். பக்கத்து வீட்டுக்காரர் கோபக்காரரா? அவர் வீட்டுக் காம்பவுண்டுக்குள் அடித்தால் அவுட், அடித்தவரே போய்ப் பந்தை எடுத்து வர வேண்டும். அந்த விதிகளை எந்தச் சங்கமும் எழுதித் தரவில்லை. இடத்துக்கும் ஆளுக்கும் ஏற்ப ஆடுபவர்களே சேர்ந்து செய்தது அது.

ஆடுபவர்களே ஆட்டத்தை மாற்றிய இன்னொரு கதையும் உண்டு. 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஸ்டூவர்ட் பிராண்ட் என்ற எழுத்தாளர் ஆள் உயரத்துக்கு மேலான ஒரு பெரிய பந்தை மைதானத்தில் விட்டு, இரண்டு அணிகளையும் எதிரெதிர்ப் பக்கத்துக்குத் தள்ளச் சொன்னார். பந்து ஒரு பக்கத்து எல்லையை நெருங்கும்போதெல்லாம், ஜெயிக்கும் அணியிலிருந்தே சிலர் ஓடிப்போய்த் தோற்கும் பக்கம் சேர்ந்து தள்ளினார்களாம். ஆட்டம் முடியக் கூடாது என்பதுதான் அவர்கள் ஆசை. இதையொட்டி வளர்ந்த 'புதிய விளையாட்டுகள்' இயக்கம் 1973இல் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு அருகே பெரிய விழாவே நடத்தியது. அதில் பின்னர் சேர்ந்த பெர்னி டிகோவன் என்ற விளையாட்டு வடிவமைப்பாளர், ஆட்டம் நன்றாக நடக்கவில்லை என்றால் ஆடுபவர்கள் தங்களை மாற்றிக்கொள்ளத் தேவையில்லை, ஆட்டத்தை மாற்றலாம் என்பதை வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்தார்.

ஆட்டத்தை மாற்றுவது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 'ஜர்னி' நல்ல சான்று. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் இருந்த தட்கேம்கம்பெனி என்ற குழு செய்து, 2012இல் பிளேஸ்டேஷன் 3இல் வெளியிட்ட விளையாட்டு அது. முன்பின் தெரியாத இருவர் ஒரு பாலைவனத்தில் சந்தித்து, தூரத்து மலையை நோக்கிச் சேர்ந்து நடக்க வேண்டும். பேச முடியாது, எழுத முடியாது, கூட வருபவர் பெயர்கூடக் கடைசிவரை தெரியாது. ஒரு சின்ன இசையொலி எழுப்பலாம், அவ்வளவுதான். இருவருக்கும் நடுவில் ஒரு நெருக்கம் பிறக்க வேண்டும் என்பது குழுவின் ஆசை.

ஆரம்ப மாதிரிகளில் ஒருவர் உடல் மற்றவர் உடலில் இடித்தது. ஒருவரை ஒருவர் தள்ளி மேடேற்றி உதவுவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். நடந்தது நேர்மாறு, ஆடியவர்கள் துணையைப் பள்ளத்தில் தள்ளிவிட்டார்கள். அதன் இயக்குநர் ஜெனோவா சென் இதைப் பிற்பாடு மேடைகளில் சொல்லியிருக்கிறார். மனிதர்களே இப்படித்தானா என்று அவருக்கு மனம் கசந்துபோனது. குழந்தை உளவியல் தெரிந்த ஒருவரிடம் அவர் கேட்டபோது கிடைத்த விளக்கம் எனக்கு இன்றும் உதவுகிறது. புதிய உலகத்துக்குள் நுழைபவர்கள் கைக்குழந்தை மாதிரி. நல்லது கெட்டது அங்கே அவர்களுக்கு இன்னும் கிடையாது. எதைச் செய்தால் பெரிய விளைவு கிடைக்கிறதோ அதையே திரும்பத் திரும்பச் செய்வார்கள். தள்ளினால் துணை அலறி விழுகிறது, அது பெரிய விளைவு. உதவினால் ஒன்றுமே தெரிவதில்லை.

எனவே குழு விதியைத் தொட்டது. ஒருவரை ஒருவர் இடிப்பதையே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதில், இருவரும் ஒட்டி நின்றால் இருவர் கழுத்துத் துணியும் ஒளிர்ந்து, பறப்பதற்கான சக்தி நிறையும்படி செய்தார்கள். இன்னொரு சிக்கலும் இருந்தது. வழியில் கிடைக்கும் சக்தியை ஒருவர் எடுத்தால் மற்றவருக்கு இல்லை என்றிருந்தபோது, துணையைக் கண்டாலே எரிச்சல் வந்தது. அதையும் மாற்றினார்கள்: நீங்கள் எடுத்தாலும் என் பங்கு எனக்கு இருக்கும். மனிதர்கள் அதே மனிதர்கள்தான், ஆனால் இப்போது ஒருவருக்காக ஒருவர் காத்து நின்றார்கள். பனிக்காற்றில் ஒட்டிக்கொண்டு நடந்தார்கள். புதிதாக வடிவமைக்கத் தொடங்குபவர் இந்த ஒரு கதையை மனதில் வைத்துக்கொண்டாலே போதும் என்று சொல்வேன். ஆடுபவர் மோசமாக நடந்தால் அவரைத் திட்டுவதற்கு முன், எந்த விதி அதற்குப் பரிசு கொடுக்கிறது என்று தேடுங்கள். எங்கள் மாடியில் பெரியவள் சின்னவனை முதலில் தட்டியதும் அப்படித்தான். நான் போட்ட விதியில் அதுதான் லாபம்.

இதுவரை சோதனையைப் பற்றிப் பேசினோம். கூட்டு முயற்சி என்றால் என்ன? ஒருவர் படம் வரைவது, ஒருவர் நிரல் எழுதுவது, ஒருவர் இசை போடுவது என்று வேலையைப் பிரித்துக்கொள்வது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது தேவைதான். ஆனால் உண்மையான கூட்டு, எல்லோரும் சேர்ந்து ஆடுவதில் தொடங்குகிறது. கணினி விளையாட்டின் ஆரம்ப நாட்களிலேயே அதற்கு ஒரு நல்ல கதை இருக்கிறது.

1961இல் அமெரிக்காவின் எம்ஐடி கல்விக்கழகத்துக்கு பிடிபி-1 என்ற கணினி வந்தது. விலை சுமார் 1,20,000 டாலர், நினைவகம் 4,096 'சொற்கள்' (கணினி ஒரு தடவையில் கையாளும் தரவுத் துண்டுகள்) மட்டுமே. ஆனால் அதில் ஒரு வட்டத் திரை இருந்தது. அந்த வட்டாரத்து இளைஞர்கள் சிலர், அந்தத் திரையில் இரண்டு விண்கலங்கள் சண்டையிட்டால் எப்படி இருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். ஸ்டீவ் ரஸ்ஸல் நிரல் எழுதுவதாக ஒப்புக்கொண்டு, கோணக் கணக்குக்குத் தேவையான சைன், கொசைன் மதிப்புகளைக் கணக்கிடும் நிரல் இல்லையே என்று தள்ளிப்போட்டார். ஆலன் கோடோக் என்ற நண்பர் அதைக் கணினி செய்த நிறுவனத்திடமே வாங்கிக் கையில் கொடுத்துவிட்டார். 1962இன் தொடக்கத்தில் 'ஸ்பேஸ்வார்' ஓடத் தொடங்கியது. ஊசி போல ஒரு கலம், ஆப்பு போல ஒரு கலம், ஆளுக்குக் கொஞ்சம் குண்டுகள்.

பிறகு நடந்ததுதான் முக்கியம். ஆடியவர்கள் ஒவ்வொருவரும் ஒரு குறையைக் கண்டார்கள், கண்டவரே அதைச் சரிசெய்தார். வெறும் கறுப்புத் திரையில் கலம் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று மட்டுக்கட்ட முடியவில்லை, அதனால் பின்னணியில் கண்டபடி புள்ளிகள் போட்டார்கள். பீட்டர் சாம்சனுக்கு அந்தப் பொய் நட்சத்திரங்கள் பிடிக்கவில்லை. வானியல் அட்டவணையைப் பார்த்து உண்மையான வானத்தையே திரைக்குக் கொண்டுவந்தார். டான் எட்வர்ட்ஸ், கலங்கள் சும்மா சுற்றிச் சுட்டுக்கொண்டிருப்பதில் சுவை போதவில்லை என்று நடுவில் ஈர்ப்புவிசையுள்ள ஒரு சூரியனை வைத்தார். அந்த ஒரு மாற்றத்தில் ஆட்டமே வேறாகிப்போனது. சூரியனைச் சுற்றி வீசி எறியப்படுவது போல வேகம் எடுக்கும் உத்திகள் பிறந்தன. குண்டுகளுக்கும் ஈர்ப்பைக் கணக்கிடக் கணினிக்குச் சக்தி போதவில்லை. சரி, அவை ஒளியால் ஆன குண்டுகள், ஈர்ப்பு அவற்றைத் தொடாது என்று விதியாக்கிவிட்டார்கள். இயலாமையே விதியானது! மார்ட்டின் கிரேட்ஸ், தப்பிக்க வழியில்லாமல் மாட்டிக்கொண்டவருக்கு ஒரு வாசல் வைத்தார். சட்டென்று மறைந்து வேறெங்கோ தோன்றலாம், ஆனால் எங்கே தோன்றுவோம் என்று தெரியாது, வெடித்தும் போகலாம்.

எல்லாச் சோதனையும் நிலைக்கவில்லை. நிஜத்தில் ஆயுதங்கள் அவ்வளவு துல்லியமாக இருக்காதே என்று ரஸ்ஸல் குண்டுகளில் கொஞ்சம் பிசகு சேர்த்துப் பார்த்தார். ஆடியவர்கள் யாருக்கும் பிடிக்கவில்லை. தான் தோற்றது எதிரியின் திறமையால் என்றால் மனம் ஏற்றுக்கொள்கிறது. குண்டு தானாகக் கோணலாகப் போனது என்றால் ஏற்பதில்லை. அதனால் அந்தப் பிசகு போய்விட்டது. மறைந்து தோன்றுவதும் குருட்டு வாய்ப்புதான், ஆனால் அது நிலைத்தது. காரணம், அந்த ஆபத்தை ஆடுபவர் தானே தேர்ந்தெடுக்கிறார். இந்த வேறுபாட்டை மேசையில் உட்கார்ந்து யோசித்து மட்டும் கண்டுபிடிப்பது கடினம்.

கணினியின் முகப்பில் இருந்த சுவிட்சுகளை வைத்துத்தான் முதலில் ஆடினார்கள். இருவர் நெருக்கி நின்று முழங்கை வலிக்க ஆட வேண்டும், திரைக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு அனுகூலம் வேறு. கோடோக்கும் பாப் சாண்டர்ஸும் சின்ன அளவில் ரயில் செய்து ஓட்டும் எம்ஐடி மாணவர் சங்கத்தில் கிடைத்த பழைய பொருள்களை வைத்து ஆளுக்கொரு கட்டுப்பாட்டுப் பெட்டி செய்தார்கள். அதில் குண்டு போடும் பொத்தான் மட்டும் சத்தமில்லாமல் இருக்கும், எதிரி காதால் கேட்டு உஷாராகிவிடக் கூடாது என்று. இரவிரவாக நேருக்கு நேர் ஆடியவருக்கு மட்டுமே தோன்றக்கூடிய நுணுக்கம் அது.

அப்படியானால் ஒரு தொடக்கக்காரர் என்ன செய்யலாம்? கணினியைத் திறக்காதீர்கள் என்பதுதான் என் முதல் யோசனை. சாக்பீஸ், சீட்டுக்கட்டு, தாயக்கட்டை, புளியங்கொட்டை, பழைய காலண்டர் அட்டை இவற்றை வைத்து ஒரு மணி நேரத்தில் ஒரு மாதிரி செய்யுங்கள். சாக்பீஸால் போட்ட தவறான வட்டத்தைக் காலால் அழித்துவிடலாம். மூன்று வாரம் உட்கார்ந்து நிரலாக எழுதிய தவறான வட்டத்தை அழிக்க மனம் வராது. மனம் வராததால்தான் பல விளையாட்டுகள் கெட்டுப்போகின்றன. 2009 முதல் ஆண்டுதோறும் நடக்கும் குளோபல் கேம் ஜாம் போன்ற நிகழ்வுகளில் குறுகிய நேரத்துக்குள் விளையாட்டு செய்யச் சொல்வதிலும் இந்த நன்மை இருக்கிறது. நேரம் குறைவு என்றால் எதையும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள முடியாது.

அப்புறம், பிறர் ஆடும்போது வாயைத் திறக்கக் கூடாது. இது மிகவும் கடினம். விதியைத் தப்பாகப் புரிந்துகொண்டு ஆடுவார்கள், நமக்கு நாக்கு துடிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். தப்பாகப் புரிந்துகொண்ட விதி சில நேரம் நம்முடையதைவிட நன்றாக இருக்கும். எப்போது சிரித்தார்கள், எப்போது செல்போனை எடுத்தார்கள், எப்போது தரையைப் பார்த்தார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் "நல்லா இருந்துச்சா?" என்று கேட்காதீர்கள். உறவுக்காரர்கள் நல்லாத்தான் இருந்துச்சு என்பார்கள். "என்ன நடந்துச்சுன்னு சொல்லு" என்று கேளுங்கள். அவர்கள் கதையாகச் சொல்லத் தொடங்கினால் ஆட்டத்தில் ஏதோ இருக்கிறது. ஒரு சுற்றுக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும்.

எங்கள் மாடியில் மிச்சமிருந்தது கடைக்குட்டியின் பிரச்சினை. நம் ஊரில் இதற்கு ஒரு பழைய வழி உண்டு: ஒப்புக்குச் சப்பாணி. சின்னப் பிள்ளை ஆட்டத்தில் இருக்கும், அவுட் கிடையாது, கணக்கிலும் கிடையாது. யாரையும் வெளியே நிறுத்தாத அருமையான ஏற்பாடு என்றே இதை நினைக்கிறேன். ஆனால் தான் கணக்கில் இல்லை என்பது பிள்ளைக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும். அதனால் அவனிடம் செல்போனைக் கொடுத்து, பாட்டை மாற்றும் வேலையைக் கொடுத்தேன். இரண்டே சுற்றில் அவன்தான் அந்த மாடியின் ராஜா. பெரியவள் யாரையோ தட்டப் பாயும் நொடியில் வேகப் பாட்டை நிறுத்திவிடுவான். எல்லோரும் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஆடத் தொடங்கினார்கள்.

அவுட்டாகி உட்கார்ந்திருப்பவர்களுக்கு வழி சொன்னது 9 வயதுப் பெண் ஒருத்தி. "மாமா, விழுற பழத்தை நாங்க கீழ விழுறதுக்குள்ள பிடிச்சிட்டா மறுபடி உள்ள வரலாமா?" ஆடிப் பார்த்தோம். வெளியே சோர்ந்து உட்கார்ந்திருந்தவர்கள் வட்டத்தைச் சுற்றி முட்டிபோட்டுக் கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். உள்ளே இருந்தவர்கள் வெளியே இருந்தவர்களோடு ரகசிய ஒப்பந்தம் போட்டார்கள்: நான் தட்டுறேன், நீ பிடி. நான் நினைத்தே பார்க்காத ஆட்டம் அது.

ஆனால் ஒரு புதுச் சிக்கல். போனவர்கள் திரும்பி வந்துகொண்டே இருந்ததால் ஆட்டம் முடியவே இல்லை. பொழுது சாய்ந்து, கீழிருந்து சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார்கள். ஒருவர் திரும்ப உள்ளே வரும்போதெல்லாம் வட்டத்தை ஓர் அடி உள்ளே தள்ளிப் போடலாம் என்று பெரியவள் படியிறங்கும்போது சொன்னாள். சாக்பீஸ் தீர்ந்துவிட்டது. அதை இன்னும் ஆடிப் பார்க்கவில்லை.